இரண்டாம் கோலியின் அக்காவுக்கு

அக்கா,

எங்கள் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்களை மாற்றப் போகிறார்களாம். எல்லாரும் நிலவறையைக் காலி செய்து தரவேண்டும் என்று கீழ் வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை நானும் இறங்கிப் போனேன். குளிர்கால டயர்களுக்குப் பின்னால் என் விளையாட்டுச் சாமான்கள் அடைத்த அந்தப் பெரிய கறுப்புப் பை கிடந்தது. ஸிப்பை ஒரு சாண்தான் இழுத்திருப்பேன், மணம் எழும்பி வந்து முகத்தில் அடித்தது. ஊறிய தோல், வேர்வை, காயாமலே மடிந்து கிடந்த பஞ்சு, இவற்றுக்கு மேல் என்றோ அடித்த எலுமிச்சை ஸ்பிரே.

"செத்த ஆட்டுக்கு சென்ட் பூசின மாதிரிக் கிடக்கு" என்பாய் நீ. மார்கழிப் பனியிலும் உன் சின்னக் காரின் கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் சுவிஸில் நாங்கள் அப்போதிருந்த டீட்டிகோனிலிருந்து என்னைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவாய். எனக்குக் குளிருது என்றால், "குளிரில செத்தா மரியாதை. இந்த நாத்தத்தில செத்தா என்னெண்டு ஆக்களுக்குச் சொல்லுறது?" என்று கேட்பாய்.

பையை மூடிவிட்டு டயரின்மேல் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. வந்தது எரிச்சல். நீ போய் இரண்டு வருடமாகிவிட்டது. எங்கள் சண்டை மட்டும் முடியாமல் கிடக்கிறது. எந்த வாதத்தையும் பாதியில் விட்டுப் போகாதவள் இதை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த முறை இடையில் குறுக்கிட உன்னால் முடியாது.

நான் கோலியானதே, வலையைக் காக்கிறவனானதே, உன் முடிவு. பள்ளிக்கூடத்தோடு ஐஸ் மண்டபத்துக்குப் போய் ஐஸ் ஹொக்கி பார்த்து வந்த நாளிலிருந்து ஹொக்கி, ஹொக்கி என்று வீட்டில் நான் உயிரை எடுத்தேன். அப்பா உணவகச் சமையலறையில் நின்றார். அம்மா பின்னேரங்களில் அலுவலகங்கள் துடைக்கப் போவா. ஹொக்கி எவ்வளவு செலவான விளையாட்டு என்று அவர்களுக்குச் சொல்லக்கூட யாருமில்லை. பதினான்கு வயதில் நீயே தனியாகக் கழகத்துக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தாய். ஓடி விளையாடுகிற பிள்ளைகளுக்கு எல்லாச் சாமானும் பெற்றோர் வாங்கவேண்டும். கோலிக்கு மட்டும் கழகம் இரவல் கொடுக்கும், ஏனென்றால் அந்த இடத்துக்குப் பிள்ளைகள் வருவதில்லை.

"தம்பி, நீ கோலி," என்றாய் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

"எனக்கு ஓடி அடிக்கத்தான் விருப்பம்."

"விருப்பத்தைப் பிறகு பாப்பம். ஓசியில வாறது இதுதான்."

அம்மா தலையில் கை வைத்தா. "உலகத்தில எத்தனை விளையாட்டுக் கிடக்கு. முகத்துக்கு நேர எறியிறதாப் பாத்துத் தேடிப் பிடிச்சிருக்கிறாள்." அதோடு நிற்கவில்லை. நான் உன்னை நீ என்று கூப்பிடுவதற்கும் அன்றைக்கு ஏச்சு விழுந்தது. "மூத்தவளை நீங்கள் எண்டு கதை." நீ சிரித்தாய். "விடுங்கோ அம்மா, நீங்கள் எண்டு சொல்லித் திரும்புற நேரத்துக்குள்ள கோல் விழுந்திடும்."

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. இதை உன்னிடம் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. மாஸ்க்கைப் போட்டதும் வெளிச்சத்தம் அடங்கிவிடும். என் மூச்சுத்தான் எனக்குக் கேட்கும். எதிரே ஐந்து பேர் வருவார்கள், அவர்களுடைய கண், தோள், மட்டையின் கோணம் எல்லாம் பார்த்து, பக் என்கிற அந்த ரப்பர் வட்டு புறப்படுவதற்கு முன்பே எங்கே வரும் என்று உடம்பு முடிவெடுத்துவிடும். கையுறைக்குள் அது வந்து விழுகிற தொப் என்ற சத்தத்துக்காக ஒரு குளிர்காலம் முழுக்க விடியலில் எழும்பலாம். நானும் எழும்பினேன். நீயும் எழும்பினாய். பள்ளிக்கூடத்துக்கு முன் பயிற்சி, உனக்கு வேலைக்கு முன் பயிற்சி.

பிறகு நடந்தது ஊர் முழுக்கத் தெரியும் என்பார்கள். ஒருவருக்கும் தெரியாது. பெரிய கழகம் ஒன்று என்னைத் தன் இளையோர் அணிக்கு எடுத்தது. அதன் பெயரை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. சில வருடங்களில் முதல் லீக் அணியோடு ஒப்பந்தம். தமிழ்க் கடைகளில் என் படம் ஒட்டினார்கள். அம்மா கோவிலில் அர்ச்சனை செய்வித்தா. ஒரு முகவரை வைக்கச் சொன்னார்கள், நீ விடவில்லை. "வாசிக்கத் தெரிஞ்ச நான் இருக்கிறன்" என்று, சூக் நகரில் நீ வேலை செய்த கண்ணாடிக் கட்டடத்திலிருந்து மதிய இடைவேளையில் அலுவலக உடுப்போடேயே ரயிலேறி வருவாய். எல்லா ஒப்பந்தத்தையும் வரி வரியாக வாசித்தாய். அந்த மேசையைச் சுற்றி இருந்த ஆண்கள் எல்லாரும் முன்னாள் வீரர்கள், உடைந்து ஒட்டிய மூக்குக்காரர். அவர்களுக்கு நடுவில் நீ பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து இருப்பாய். எனக்கு வெட்கமாக இருக்கும். மன்னித்துக்கொள் என்று எழுத வரவில்லை. அப்படித்தான் இருந்தது.

ஓர் அணியில் இருபதுக்கு மேற்பட்டோர் உடுத்திக்கொண்டு வருவார்கள். கோலி இருவர். விளையாடுவது ஒருவர். மற்றவர் நான். என் வேலை என்னவென்று சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே நாக்கு வறண்டுபோனது. காலைப் பயிற்சிக்கு முதலில் போகவேண்டும், கடைசியாக வரவேண்டும். முதலாம் கோலி களைத்ததும், அடித்துப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் நிற்கவேண்டும். ஆட்டம் தொடங்கியதும் மாஸ்க்கைக் கழற்றி, கழகத்தின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வீரர்கள் இருக்கும் வாங்கின் கடைசித் தொங்கலில், சின்னக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். வீரர் உள்ளே வந்தால் கதவைத் திற. வெளியே போனால் மூடு.

கலியாண வீடுகளில் கேட்பார்கள். "தம்பி, ரீவியில பாத்தனாங்கள். தொப்பியோட நல்ல வடிவா நிண்டீர். எப்ப விளையாடுவீர்?"

"பாப்பம் அண்ணை."

நீ என் முழங்கையைக் கிள்ளுவாய். "ஏன் பாப்பம் எண்டுறாய்? விடினமில்லை எண்டு சொல்லு."

வருடங்கள் அப்படியே போயின. இரவல் கோலியாக வேறு அணிகளுக்கு அனுப்பினார்கள், திரும்ப அழைத்தார்கள். கலியாணம் முடித்தேன். மகள் பிறந்தாள். முதலாம் கோலிகள் மாறினார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், இன்னொருவர் வேறு கழகத்துக்குப் போனார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தார். நான் விளையாடிய ஆட்டங்கள் ஓய்வுநாள் ஆட்டங்கள், முதலாமவர் களைத்த ஆட்டங்கள், ஏற்கனவே தோற்றுவிட்ட ஆட்டங்களின் மிச்சம். ஒவ்வொன்றிலும் நன்றாக நின்றேன் என்றுதான் எழுதினார்கள். "நம்பகமான இரண்டாமவர்." அந்த வார்த்தையைப் பத்திரிகையில் காணும்போது நீ பத்திரிகையை மடித்துக் குப்பையில் போடுவாய்.

அந்த ஒப்பந்தப் பேச்சுக்கு வருகிறேன். நீயும் இதற்குத்தான் காத்திருப்பாய்.

இரண்டாம் லீக்கில் மலைப்பக்கத்து ஊர் ஒன்று என்னை முதலாம் கோலியாகக் கேட்டது. போவதா நிற்பதா என்று இருந்தபோது பெரிய கழகத்தின் ஸ்போர்ட்ஷெஃப் எங்களை அழைத்தார். அணிக்கு ஆள் எடுப்பதும் விடுவதும் அவர் கையில். நிற்கச் சொன்னார். "முதலாம் கோலிக்கு ஏதாவது நடந்தால் வலை உன்னுடையது. வெளியிலிருந்து ஆள் எடுக்கமாட்டேன்," என்றார். வெளிநாட்டு வீரருக்கு அணியில் சில இடங்கள்தான் உண்டு. அதைக் கோலிக்குச் செலவழிப்பது வீண் என்றும் விளக்கினார். நியாயமாகத்தான் இருந்தது.

"அதை எழுதித் தாங்கோ," என்றாய் நீ, சுத்த சுவிஸ் ஜேர்மனில்.

அவர் சிரித்தார். பயிற்றுநரின் கையைக் கடதாசியால் கட்டமுடியாது என்றார். இங்கே கைகொடுத்தால் அது போதும் என்றார். எழும்பி மேசைக்கு மேலால் கையை நீட்டினார். எனக்கு நீட்டிய பிறகு உனக்கும் நீட்டினார். நீ பேனையை வைத்துவிட்டுக் கொடுத்தாய். வெளியே வந்ததும் காற்சட்டையில் கையைத் துடைத்தாய். ஆனாலும், "சரி, போடு கையெழுத்தை. இவ்வளவு காலம் இருந்தனாங்கள், ஒருக்கா நம்பிப் பாப்பம்," என்றவள் நீதான். நம்பியது நாங்கள் இருவருமே. ஏமாந்ததும் இருவருமே. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நீ அதை முழுக்க உன் தலையில் போட்டுக்கொண்டாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில் முதலாம் கோலிக்குத் தொடையிடுக்குத் தசை கிழிந்தது. பருவம் முடியும்வரை வரமாட்டார் என்றார்கள். வலை எனக்கு. அந்த இரண்டு கிழமை இருக்கிறதே அக்கா, அதை யாராலும் என்னிடமிருந்து எடுக்கமுடியாது. மண்டபம் நிறைந்த சனம். நான் தொப்பியில்லாமல் நின்றேன். முதல் ஆட்டம் வென்றோம். அடுத்தது தோற்றோம், ஆனால் அது என்னாலல்ல என்று எல்லாரும் எழுதினார்கள். அதற்கடுத்தது வென்றோம். எதிரணிக்காரன் ஒருத்தன் தனியே வந்து அடித்ததை இடக்கால் நுனியால் தட்டிவிட்டேன். என் பெயரைச் சனம் கூப்பிட்டது. தமிழ்ப் பெயர் அவர்கள் வாயில் சப்பளிந்து வந்தது. பரவாயில்லை. எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை காலை உடுப்பு மாற்றும் அறைக்குள் போனேன். என் இடத்துக்குப் பக்கத்தில் முன்பு காணாத ஒரு பை. விமானநிலையத்தில் ஒட்டிய சீட்டு அதன் கைப்பிடியில் இன்னும் தொங்கியது. கோலியின் பை என்று பருமனைப் பார்த்தாலே தெரியும். அறையில் எல்லாரும் சப்பாத்து நாடா கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

பின்லாந்துக்காரர். நல்ல மனுசன், அவரில் குற்றமில்லை. பயிற்றுநர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டார். "இது உன்னைப் பற்றியது இல்லை. பருவத்தின் கடைசி, ப்ளேஆஃப் சுற்று வருகிறது, அனுபவம் வேண்டும். கெடுல்ட், கெடுல்ட்." பொறுமையாம். அனுபவம் எங்கேயிருந்து வரும் என்று கேட்க வாய் வந்தது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். அன்று பின்னேரம் கதவைத் திறந்து மூடினேன்.

உன்னைத் தடுத்திருக்க என்னால் முடியாது. திங்கட்கிழமை நீ சூக்கிலிருந்து நேரே வந்தாய். நான் பயிற்சி முடித்து வெளியே வர, ஸ்போர்ட்ஷெஃப்பின் அறையிலிருந்து நீ இறங்கி வந்தாய். முகம் சிவந்திருந்தது.

"என்ன சொன்னவர்?"

"கோப்பி தந்தவர்."

"வேற?"

"கிரீம் வேணுமோ எண்டு கேட்டவர்."

கார் நிறுத்தும் இடத்தில் சண்டை தொடங்கியது. நீ சொன்னாய், பத்திரிகைக்காரனிடம் போ, வாக்குத் தந்து ஏமாற்றினார்கள் என்று சொல்லு, அல்லது ஆகக்குறைந்தது அந்த மனுசனின் முகத்துக்கு நேரே நீ ஒருமுறை சொல்லு. நான் சொன்னேன், இந்த நாட்டில் முதல் லீக்கில் கோலி வேலை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், வாய்காட்டுகிறவன் என்று பெயர் எடுத்தால் கதவு திறக்கிற வேலையும் போய்விடும், எனக்குப் பிள்ளை இருக்கிறது.

"உனக்கு விளங்காது அக்கா. கோலி வலையை விட்டு வெளியில வந்தா கோல்தான்."

"இப்ப நீ வலைக்குள்ளயோ நிக்கிறாய்? கார் பார்க்கில நிக்கிறாய்!"

"சத்தம் போடாதை. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்! உன்னை ஒருக்காத் தொப்பியில்லாமல் பாக்கட்டும்!"

அணியின் இரண்டு பேர் எங்களைத் தாண்டிக் காருக்குப் போனார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைக் கண்டதும் நீ கதைப்பதை நிறுத்தினாய். காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாய். மாதக்கணக்கில் நாங்கள் கதைக்கவில்லை. அம்மா இரு பக்கமும் தூது போனா.

பின்லாந்துக்காரரோடு அணி ப்ளேஆஃபின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. இதில் எனக்குச் சந்தோசம் இருந்தது என்று எழுதினால் நீ சந்தோசப்படுவாய். இருந்தது. கொஞ்சம்.

அந்தக் கோடையில் நான் மலைப்பக்கத்து ஊருக்குப் போனேன், முதலாம் கோலியாக, ஒரு லீக் கீழே. அதே கோடையில்தான் உனக்கு மார்பில் கட்டி என்று அம்மா தொலைபேசியில் சொன்னா. ஓடி வந்தேன். நீ கட்டிலில் இருந்துகொண்டு காப்புறுதி நிறுவனத்தோடு தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாய். கையால் என்னை இருக்கச் சொன்னாய். அப்படியே நாங்கள் மறுபடி கதைக்கத் தொடங்கினோம். கார் நிறுத்தும் இடத்துக் கதையை எடுக்கவில்லை. நான் எடுப்பேன் என்று நீ பார்த்தாயோ தெரியாது, நீ எடுப்பாய் என்று நான் பார்த்தேன்.

மலைப்பக்கத்து மண்டபம் சின்னது, ஒரு பக்கம் திறந்தது. பனி பெய்தால் பார்க்க வந்தவர்களின் தோளில் விழும். மருந்தேற்றி முடிய ஒரு கிழமை படுத்திருந்துவிட்டு, அடுத்த கிழமை நீ கம்பளித் தொப்பியோடு ரயிலேறி வந்துவிடுவாய். வைத்தியர் சனக்கூட்டத்துக்குள் போகவேண்டாம் என்றிருந்தார். "அங்க என்ன சனம்? மாடுதான் கூட," என்றாய். என் வலைக்கு நேர் பின்னால், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்பாய். "இடப்பக்கம்! இடப்பக்கம் வாறான்! பின்னால ஒருத்தன் நிக்கிறான் பார்!" எதிரணிக்கு ஒரு சொல்லும் விளங்காது. மாஸ்க்குக்குள் நான் சிரிப்பேன். அந்த ஊர்க்காரர் நீ ஏதோ மந்திரம் சொல்கிறாய் என்று நினைத்தார்கள். அணியின் தலைவன் ஒருநாள் என்னிடம் வந்து, அக்கா அடுத்த ஆட்டத்துக்கும் வருவாவா என்று கேட்டான்.

ப்ளேஆஃபில் அரையிறுதி. கடைசி ஆட்டம், மேலதிக நேரம். அடுத்து அடிக்கிற அணி வெல்லும். எத்தனையோ அடிகளைப் பிடித்திருந்தேன். பிறகு ஒன்று வந்தது. பெரிய அடியல்ல. ஓரத்திலிருந்து தள்ளிவிட்டதுபோல வந்த பக், எங்கள் பின்வரிசைக்காரனின் சப்பாத்தில் பட்டுத் திரும்பி, என் கால்களுக்கு நடுவால் போனது. அவ்வளவுதான். கோல் விளக்கு எரிந்தது. எல்லாரும் என்னிடம் வந்து மாஸ்க்கில் தட்டினார்கள். துரதிர்ஷ்டம், உன் பிழையில்லை, சப்பாத்தில் பட்டது என்றார்கள். பயிற்றுநரும் அதையே சொன்னார். ஊர்ப் பத்திரிகையும் அதையே எழுதியது.

நீ உடுப்பறை வாசலில் நின்றாய். உதடு காய்ந்திருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, "சப்பாத்தில பட்டதுதான். ஆனாலும் நீ காலை மூடப் பிந்தினாய். அது உன்ர கோல்," என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த நிலையில் உன்னிடம் எப்படிக் கத்துவது? "ஓம்" என்றேன். உண்மையும் அதுதான். ஒருவரும் சொல்லாத உண்மையை நீ மட்டும் சொன்னாய், அதற்குப் பிறகு வேறொன்றும் சொன்னாய்: "மற்றதெல்லாம் நீ பிடிச்சது. அதுகளும் உன்ரதான்." நான் முதலாம் கோலியாக நடத்தப்பட்டது அந்த வாசலில்தான். இரண்டாமவனின் பிழையை யாரும் கணக்கெடுக்கமாட்டார்கள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் நீ போனாய். கடைசி நாட்களில் உனக்கு எல்லாவற்றிலும் எரிச்சல். சாப்பாட்டில், தலையணையில், சாளரத்துக்கு வெளியே தெரிந்த கட்டுமானக் கிரேனில். தாதி வந்து கையைத் தடவி "கெடுல்ட்" என்றபோது நீ என் பக்கம் திரும்பி, தமிழில், "இஞ்ச எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்து பார்," என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சிரிச்சுக் கொண்டே போயிடு," என்றாய். அது வேடிக்கையா, கார் நிறுத்தும் இடத்துச் சண்டையின் மிச்சமா என்று கேட்டிருக்கலாம். அம்மா கஞ்சியோடு வந்தா.

உனக்குப் பிறகு நடந்ததைச் சொல்லவேண்டும்.

இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இனி முடியாது என்றார்கள். பெரிய கழகம், ஆம், அதே கழகம், பருவத்தின் கடைசி வீட்டு ஆட்டத்துக்கு முன் எனக்குப் பிரியாவிடை தர அழைத்தது. அதிக வருடங்கள் அங்கேதானே நின்றேன். ஐஸின்மேல் கம்பளம் விரித்தார்கள். மனைவி, மகள், அம்மா எல்லாரும் வந்தார்கள். சட்டம் போட்ட படம், பூங்கொத்து. ஸ்போர்ட்ஷெஃப் ஒலிவாங்கியில் பேசினார். இந்த நாட்டின் தமிழருக்கு நான் முன்னோடி என்றார். உண்மையான அணிவீரன் என்றார். "இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இவர் முறையிட்டதில்லை," என்றார். சனம் கைதட்டியது.

நன்றி சொல்ல ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்குவதாகத்தான் இருந்தேன்.

"நான் முறையிடவில்லை என்பது சரி," என்றேன். "திருப்தியாக இருந்ததால் அல்ல. பயந்ததால். எனக்கு ஒவ்வோர் ஆட்டமும் விளையாடவேண்டும் என்றிருந்தது. இந்தக் கழகம் எனக்குக் கைகொடுத்து ஒரு வாக்குத் தந்தது, பிறகு அதை மறந்தது. அதைக் கேட்க என் அக்கா இங்கே வந்தா. அவவுக்குக் கிடைத்தது ஒரு கோப்பி."

கோப்பிக்குச் சிலர் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மேல் வரிசையில் யாரோ பலமாகக் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே. அறிவிப்பாளர் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, அதிர்ஷ்டச் சீட்டில் வென்றவரின் இருக்கை இலக்கத்தை வாசித்தார். ஸ்போர்ட்ஷெஃப் என் கையைக் குலுக்கினார். "இன்னமும் கோபமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஓம்," என்றேன், தமிழில்தான் வந்தது.

அவ்வளவுதான் அக்கா. ஒன்றும் மாறவில்லை. பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. வானம் இடிந்து விழவுமில்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இதை அன்றைக்கே சொல்லியிருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்குமோ? அல்லது நான் சொன்னதுபோல வேலை போயிருக்குமோ? நீ சரியா, நான் சரியா என்று இனிமேல் தீர்க்க வழியில்லை. உன்னோடு வாதாட எனக்கு இன்னும் நியாயங்கள் இருக்கின்றன. கேட்கத்தான் நீ இல்லை.

இப்போது நான் டிராம் ஓட்டுகிறேன். நல்ல வேலை. கதவுகளைப் பொத்தானை அமுக்கித்தான் திறக்கிறேன், சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

போன கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. ஆறாம் வகுப்பு முடிகிறது, அடுத்து, புள்ளி கூடியவர்கள் போகிற மேல்பிரிவா கீழ்ப்பிரிவா என்று முடிவெடுக்கும் நேரம். ஆசிரியை நல்லவர். அமைதியான பிள்ளை, ஒரு தொந்தரவுமில்லை, கீழ்ப்பிரிவில் அவசரமில்லாமல் படிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். புள்ளிகளைக் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற புள்ளிகள்.

மனைவி என்னைப் பார்த்தா. மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் வருகிற பக்குக்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை, அக்கா. "அவள் அமைதி என்பது ஒரு புள்ளி இல்லை," என்றேன். "இந்தக் கணக்குப் புள்ளி போதும் என்றால் மேலே விடுங்கள். போதாது என்றால் ஏன் போதாது என்று எழுதித் தாருங்கள். பரீட்சை வைப்பதென்றால் வையுங்கள்." குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரீட்சை எழுத விடலாம் என்றார். முடிவு இனித்தான் வரும். அவள் தேறுவாளோ தெரியாது.

வெளியே வந்ததும் மகள் வெடித்தாள். "அப்பா, ஏன் அப்பிடிக் கத்தினீங்கள்? எனக்கு எவ்வளவு வெக்கமா இருந்தது தெரியுமோ?"

எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சமாதானம் செய்யவுமில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கையை விட்டுப் போகவிடவில்லை.

"வெக்கமா இருந்தா பரவாயில்லை," என்றேன். "என்னோட சண்டை பிடி. வாயை மூடிக்கொண்டு மட்டும் வராதை."

"சரி, பிடிக்கிறன்!" என்றாள். பிடித்தாள். யூரோப்பாபிளாட்ஸ் தரிப்பிடம் வரும்வரை, ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, ஒரு நிமிடமும் விடாமல்.